வீடுகள்: இல்லை

அந்த அறிக்கை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. வழவழப்பான தாள். அட்டையில் ஒரு பச்சை மரம், அதற்கு மேலே நீல வானம். வானத்தில் ஒரு கம்பிகூட இல்லை. உயர் அழுத்த மின்கம்பி போடுவதற்காக எழுதிய சுற்றுச்சூழல் அறிக்கைக்குக் கம்பியே இல்லாத வானத்தை அட்டையாகப் போட ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல்காரர்களிடம்தான் நான் மூன்று மாதம் வேலை பார்த்தேன்.

கிழக்கே காற்றாலைகள் நிற்கிற பக்கத்தில் தொடங்கி, வயலும் குளமும் ரப்பர்த் தோட்டமும் தாண்டி, மேற்கே எல்லையைக் கடந்து கேரளத்துக்குள் நுழைகிற கம்பிப் பாதை அது. இப்படிப்பட்ட பாதைக்குச் சட்டப்படி இவ்வளவு பெரிய அறிக்கை தேவையே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடன் கொடுக்கிறவர்கள் கேட்டார்களாம், அதனால் எழுதினார்களாம். கல்யாணத்துக்கு வந்தவன் மொய்க்கவரை நீட்டுவதுபோல ஒரு சடங்கு. ஆனால் அன்றைக்கு நான் அதை நம்பினேன். நம்பினேன் என்பதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

நான் கடியப்பட்டணத்துக்காரி. சுனாமி அலை வந்துபோன நான்காம் வருடம், தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். அலைக்குப் பிறகு எங்கள் ஊரில் மீனைவிட ஃபாரம்தான் அதிகம் வந்திறங்கியது. யார் யாரோ வந்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் டேப்பு பிடித்துக் கடலிலிருந்து அளந்துகொண்டே வந்தார். அவர் டேப்பு எங்கள் வீட்டு வாசற்படியில் முடிந்துவிட்டது. எங்கள் அடுக்களைச் சுவர் இடிந்து கிடந்தது அவர் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அம்மா கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காட்டினாள். "டேப்பு இதுவரைக்கும்தான் அம்மா" என்று சொல்லிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பட்டியலில் எங்கள் வீடு வரவில்லை. பக்கத்து வீடு வந்தது.

அதனால்தான் இந்த வேலைக்குப் போனேன். கணக்கெடுக்க உள்ளூர் ஆள் வேண்டும், செடி கொடி தெரிந்திருந்தால் நல்லது என்று கேட்டார்கள். என் கையில் பேனா இருந்தால் ஒரு வீடும் விட்டுப்போகாது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒரு பொறியாளர், சென்னைக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பார், எல்லோருக்கும் கொடுப்பார். கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி. அது காட்டுகிற திசையில் நாங்கள் நடப்போம். வெட்ட வேண்டிய மரத்தில் ஓர் ஆள் சிவப்புப் பெயின்டால் நம்பர் போடுவார். மரம், கிணறு, குளம், வீடு, கல்லறை, பறவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்ட ஃபாரம் என்னிடம். நான் நிரப்ப வேண்டும், கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாம் நாளே சண்டை வந்தது. சித்திரை மாதம், ஒரு குளம் வற்றிக் கிடந்தது. உள்ளே நாலைந்து மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

"தரிசுன்னு போடுங்க மேடம்" என்றார் பொறியாளர்.

"சார், இது குளம். அந்தா மடை தெரியுது பாருங்க. மழை பிடிச்சா கழுத்தளவு தண்ணி நிக்கும். மார்கழியில வந்தா கூழைக்கடா இறங்கும்."

"இப்ப தண்ணி இருக்கா?"

"இல்ல."

"இப்ப கூழைக்கடா இருக்கா?"

மாடுதான் இருந்தது. "இருக்கிறதைத்தான் எழுதணும் மேடம்" என்று சொல்லி ஒரு பிஸ்கட் நீட்டினார். நான் பிஸ்கட்டை வாங்கவில்லை. ஆனால் தரிசு என்று எழுதினேன். வற்றிய குளத்தைக் குளம் என்று அறிய நாஞ்சில் நாட்டில் மாடு மேய்க்கிறவனுக்குப் படிப்பு வேண்டியதில்லை. சென்னையிலிருந்து வந்து அறிக்கை எழுதுகிறவருக்கு மட்டும் தண்ணீர் கண்ணில் பட வேண்டும். குளத்துக்குக் கோடை உண்டு என்று தெரியாதவர்கள் கோடையில்தான் வருகிறார்கள். மழையில் நடப்பது கஷ்டமாம்.

நடந்து நடந்து மேற்கே எல்லைக்கு வந்து சேர்ந்தோம். எல்லை என்றால் வேலியோ மதிலோ இல்லை. ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் பாசி பிடித்த ஒரு கல், அவ்வளவுதான். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய பிலா மரம்; பலாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கல்லுக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி, ஓடு போட்ட ஒரு சின்ன வீடு. மரத்தின் நிழல் முழுக்க அந்த வீட்டு முற்றத்தில்தான் விழுந்தது. பெயின்ட்காரர் பிலாவில் சிவப்பு நம்பரைப் போட்டுவிட்டு அடுத்த மரம் தேடிப் போனார். நான் ஃபாரத்தில் பிலா ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டிலிருந்து ஒரு அம்மா வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். ரப்பர் பால் எடுக்கிற கத்தி இடுப்பில் இருந்தது. பிறத்தியார் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைக்கிறவர், கணவர் இல்லை, மகன் சவுதியில் என்று பேச்சில் தெரிந்தது.

"மக்களே, இந்தப் பிலாவுல செவப்பு அடிச்சிருக்கே, எதுக்கு?" பிள்ளை என்பதற்குத்தான் எங்கள் பக்கத்தில் 'மக்களே'.

"கம்பி போவுது மாமி. அடியில மரம் நிக்கப்படாது."

"மரம் நிக்கப்படாது, செரி. வீடு?"

"வீடும் நிக்கப்படாது. அதுக்குத்தான் முன்கூட்டியே எழுதுறோம். வீடு இருக்குன்னு எழுதிட்டா கம்பி வளைஞ்சு போவும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பம் எழுது. எனக்க வீட்டை எழுது."

இந்த வார்த்தையின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை. எல்லைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேரளத்து ஆள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தால் 'நாங்க தமிழ்நாடு' என்பார்கள். தமிழ்நாட்டு ஆள் வந்தால் 'நாங்க கேரளம்' என்பார்கள். நோட்டுப் புத்தகம் என்றால் வரி, இல்லாவிட்டால் ரேஷன் கார்டு ரத்து, வேறு எதற்கும் யாரும் அங்கே வந்ததில்லை. அந்த அம்மாவின் ரேஷன் கார்டும் ஓட்டும் தமிழ்நாட்டில், இரண்டு வயல் தள்ளி இருக்கிற அண்ணன் வீட்டு முகவரியில். குடியிருப்பது கல்லுக்கு அங்கே. இரண்டு பக்கத்து ஆளுக்கும் கைவிரித்து விரித்தே முப்பது வருடம் ஓட்டியிருந்தார். அதனால் வீட்டுக்கு நம்பர் இல்லை. நம்பர் இல்லாததால் கரண்டும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்குதான். அப்படிப்பட்டவர் முதல் தடவையாகத் தன் வீட்டை எழுதச் சொன்னார். அதையும் என்னிடம் சொன்னார்.

"இரி மக்களே, கொஞ்சம் வெள்ளம் குடி" என்று உள்ளே போய்ச் செம்பில் சீரக வெள்ளம் கொண்டுவந்தார். குடித்துக்கொண்டே எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். டேப்பு, வாசற்படி, இடிந்த அடுக்களை எல்லாம். கேட்டு முடிந்ததும் அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எவன் அவன்? இடிஞ்சு கெடக்குத வீட்டைப் பாத்துக்கிட்டே எழுதாமப் போனானா? அவனுக்க கை வெளங்காமப் போவும், பாரு. எழுதாத கை வெளங்கவே வெளங்காது."

எங்கள் அம்மாகூட அப்படித் திட்டியதில்லை. எனக்கு மனது குளிர்ந்துபோயிற்று என்றே சொல்ல வேண்டும். ஃபாரத்தை எடுத்து வீடு என்கிற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.

"மேடம், கல்லைத் தாண்டிட்டீங்க" என்று பொறியாளர் கூப்பிட்டார். "நம்ம ஸ்கோப் கல்லோட முடிஞ்சிருச்சு. அந்தப் பக்கம் வேற ஏஜென்சி. அவங்க எழுதிக்குவாங்க."

"சார், பத்தடி. கம்பி நேரா இந்த ஓட்டு மேலதான் வரும்."

"பத்தடின்னாலும் அது அவங்க ரிப்போர்ட். நாம எழுதினா ரெண்டு கணக்காயிடும். இல்லைன்னு போட்டுட்டு வாங்க, ஜீப் வெயிட் பண்ணுது."

கல் வரைக்கும் வீடு இல்லை, அது உண்மைதான். கல்லுக்கு அப்புறம் என்று ஒரு கட்டம் ஃபாரத்தில் இல்லை. எல்லைப் பகுதி, வீடுகள் என்று மட்டும் இருந்தது. அதற்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஜீப் ஹாரன் அடித்தது.

"எழுதினியா மக்களே?"

அந்தப் பக்கத்து ஆட்கள் வருவார்கள், அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள் என்று நின்று விளக்கியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் விளக்கினால் அந்த முகம் மறுபடி மாறும், செம்பு கையில் இருக்கிறது, இப்போதுதான் எனக்காக ஒருவனைச் சபித்திருக்கிறார். "எழுதியாச்சு மாமி" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதுதான் மிகச் சின்னது. இரண்டே சொல்.

ஒரு மாதம் கழித்துக் கேரளத்துக் குழு அங்கே வந்திருக்கிறது. அந்த அம்மா வழக்கம்போலக் கைவிரித்திருக்கிறார். 'நாங்க தமிழ்நாடு. எனக்க வீட்டைத் தமிழ்நாட்டுல எழுதியாச்சு, ஒரு பிள்ள வந்து எழுதிட்டுப் போச்சு.' இம்முறை பயத்தால் மட்டும் இல்லை, என்னை நம்பியும் சொன்னார். அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று. 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அவர்களும் போனார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் தக்கலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவதும் காப்பி டோக்கன் கொடுப்பதும் என் வேலை. அறிக்கை தலையணை கனத்துக்கு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் நாலு பக்கம் சுருக்கம். கூட்டம் நடக்கப்போவதை ஒரு பேப்பரின் மூலையில் போட்டிருந்தார்கள், அதனால் வந்தவர்களில் பாதிப்பேர் நாற்காலி போட்டவர்கள். அந்த அம்மா எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். ரேஷன் கார்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் சொந்தக்காரியைப் பார்த்ததுபோலச் சிரித்தார்.

மேடையில் ஒரு அதிகாரி சுருக்கத்தை வாசித்தார். நீர்நிலைகள் பாதிப்பு: குறிப்பிடத்தக்கதாக இல்லை. பறவைகள்: பொதுவானவை. எல்லைப் பகுதியில் பாதிக்கப்படும் வீடுகள்: இல்லை.

அந்த அம்மா எழுந்தார். "சாரே, எனக்க வீடு இருக்கு."

அதிகாரி கார்டை வாங்கிப் பார்த்தார். "இந்த முகவரி கம்பியிலிருந்து ரெண்டு வயல் தள்ளி இருக்கும்மா. ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

"அது எனக்க அண்ணனுக்க வீடு. எனக்க வீடு கல்லுக்கு அங்கன."

"அங்கன்னா அது கேரளா ரிப்போர்ட்ல வரும். அங்க கேளுங்க."

"அங்க உள்ளவங்ககிட்டதான் சொன்னேனே, இங்க எழுதியாச்சுன்னு. வேணும்னா இந்தப் பிள்ளகிட்ட கேளுங்க. இதுதான் எழுதிச்சு." திரும்பி என்னைக் காட்டினார். முகத்தில் ஒரு சந்தேகம்கூட இல்லை.

மண்டபமே என்னைப் பார்த்தது. பொறியாளர் வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினார். "பார்த்துச் சொல்றேன் சார்" என்றேன். அதுதான் என் வாயில் வந்தது. தூ!

பிறகு கூட்டக் குறிப்பை நானே டைப் செய்தேன், அவர்கள் சொல்லச் சொல்ல. 'ஒரு பெண்மணி தன் வீடு குறித்து ஐயம் எழுப்பினார். உரிய விளக்கம் அளிக்கப்பட்டது. அவர் திருப்தி அடைந்தார்.' அவர் திருப்தி அடைந்ததை இவர்கள் எங்கே பார்த்தார்கள்? வடை தின்றுகொண்டிருந்தபோதா? இப்படித்தான் நாட்டில் எத்தனை பேர் தாங்களே அறியாமல் திருப்தி அடைந்திருக்கிறார்களோ. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். விட்டதைப் பெருமையாகச் சொல்லவில்லை. விடும்போது ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

தக்கலையிலேயே ஒரு தனியார் பள்ளியில் வாத்திச்சி ஆனேன். இரண்டு வருடத்தில் மின்கோபுரங்கள் நின்றன. அவற்றைப் பார்க்கக்கூடாது என்று பஸ்ஸில் எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் மத்தியானம் பள்ளி வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். பிலா மரத்துக்கு இழப்பீடு வந்ததாம். மரம் பட்டியலில் இருந்ததே, வரும். வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. உயர் அழுத்தக் கம்பிப் பாதைக்குள் கட்டடம் கட்டக்கூடாது, ஆய்வு நடந்தபோது அந்த இடத்தில் வீடு எதுவும் இல்லை, ஆகவே இது பிற்பாடு கட்டப்பட்ட ஆக்கிரமிப்பு, தானே அகற்றிக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. நான் மூன்று தடவை வாசித்தேன். ஓட்டில் பாசி படர்ந்த முப்பது வருட வீடு, இப்போது ஆய்வுக்குப் பிறகு முளைத்த வீடாகிவிட்டது! அதற்கு ஆதாரம் என் கையெழுத்து.

"வீடு முன்னாலேயே இருந்ததுன்னு ஒரு சாட்சி கொண்டுவரச் சொன்னாவ. நீதான் எழுதுனவ, அதான் உன்னத் தேடி வந்தேன்."

பள்ளி வாசலில் நின்றபடியே சொன்னேன். எழுதவில்லை மாமி, இல்லை என்று எழுதினேன், உங்களிடம் பொய் சொன்னேன். அந்த அம்மா நோட்டீசை மடித்துக் கவருக்குள் வைத்தார். "செரி, இப்பமாவது வந்து சொல்லு" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் நோட்டீஸ் அனுப்பிய கேரளத்து அலுவலகத்துக்குப் போனோம். அங்கே மேசையில் இரண்டு அறிக்கையும் அடுத்தடுத்துக் கிடந்தன. தண்ணீரிலும் அணையிலும் ஒத்துப்போகாத இரண்டு மாநிலங்கள் அந்த ஒரு சொல்லில் மட்டும் ஒத்துப்போயிருந்தன. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

நான் எழுதிக்கொண்டு போன கடிதத்தை அதிகாரி வாசித்தார். பிறகு என் பழைய ஃபாரத்தின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது உங்க ஒப்புதானே?"

"ஆமா. என் கையெழுத்துதான்."

"அன்னைக்கு வீடு இல்லைன்னு ஒப்பு போட்டிருக்கு. இன்னைக்கு வீடு இருந்ததுன்னு ஒப்பு போடுறீங்க. இதுல எது பொய்?"

"முதல்ல போட்டது."

"அப்போ பொய் எழுதுற ஆளோட ரெண்டாவது கடிதத்தை நான் எப்படி எடுக்கது?"

"என்னை நம்ப வேண்டாம் சார். வந்து பாருங்க. சுவத்தைப் பாருங்க, கிணத்தைப் பாருங்க. அந்த ஓட்டுல இருக்கிற பாசி ரெண்டு வருஷத்துப் பாசியா? நான் தாவரவியல் படிச்சவ, நான் சொல்றேன்!" கத்திவிட்டேன். பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"பாசிக்கு ரிப்போர்ட்ல கோளம் இல்ல டீச்சர்" என்றார் அதிகாரி. அந்தப் பக்கத்தில் கோளம் என்றால் கட்டம். கிண்டல் இல்லை, உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் ஏறாத சுரைக்காயை, கொடியிலே தொங்கினாலும், சுரைக்காய் என்று ஒப்புக்கொள்ள இவர்களால் முடியாது.

அதற்குப் பிறகும் மனுப் போட்டேன். இங்கே போட்டால் அங்கே போ என்றார்கள், அங்கே போட்டால் இங்கே போ என்றார்கள். அந்த அம்மா முப்பது வருடம் செய்த வேலையை இரண்டு அரசும் சேர்ந்து எனக்குத் திருப்பிச் செய்தன. அவர் செய்தது பயத்தில். இவர்களுக்கு என்ன பயம்?

வீட்டைப் பிரிக்கிற அன்று போனேன். மகன் சவுதியிலிருந்து வர முடியவில்லை. அண்ணன் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஓட்டை இறக்கி, உடையாமல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிலா நின்ற இடத்தில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. மேலே கம்பி. காலையில் மழை பெய்திருந்ததால் அது வண்டு இரைவதுபோல இரைந்துகொண்டிருந்தது. கரண்டே வராத வீட்டுக்கு மேல் அவ்வளவு கரண்டு.

நானும் ஓடு அடுக்கினேன். அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"மக்களே, அன்னைக்கு உனக்க வீட்டை எழுதாதவனுக்கு நான் ஒரு சாபம் போட்டேன், ஓர்மை இருக்கா?"

தலையாட்டினேன்.

"கை வெளங்காதுன்னு சொன்னேன். அதை நான் திரும்ப எடுத்துக்கிட்டேன். அன்னா அந்தக் கல்லு முன்னால நின்னு எடுத்துக்கிட்டேன். நீ பிள்ளையளுக்கு எழுதிக் காட்டுத கையில்லியா."

சொல்லிவிட்டு எழுந்து அடுத்த ஓட்டை வாங்கப் போனார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓட்டுப் பாசி நகமெல்லாம் ஒட்டியிருந்தது. அந்த அம்மா எடுத்துக்கொண்டார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனவருக்கும், கல்லோடு ஸ்கோப் முடிந்தவருக்கும், திருப்தி அடைந்தார் என்று சொல்லி டைப் செய்ய வைத்தவருக்கும், எனக்கும் சேர்த்து அந்தச் சாபம் அப்படியே இருக்கட்டும்.